ஒட்டாவாவுக்குப் போகாத கார்

அப்பப்பாவின் கராஜ் சுவரில் இருக்கும் ஓட்டையைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எலி போட்டது என்று ஒருமுறை சொல்லிச் சமாளித்தேன். எலி போடவில்லை. அது ஸ்பானர் பட்ட ஓட்டை. எறிந்தவர் அப்பப்பா. உங்களுக்கு மீன் முள் பார்த்து எடுத்துத் தருகிற அதே மனுசன்தான். எனக்குப் படிப்பு பெரிதாக ஏறவில்லை, எழுதவும் அவ்வளவாக வராது. ஆனால் இந்தக் கதையை வாயால் சொல்லத் தொடங்கினால் குரல் உயர்ந்துவிடுகிறது. நீங்கள் பயந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊரில், இலங்கையில், சண்டை முடியப்போகிற வசந்தகாலம். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் இப்போது அப்பப்பா இருக்கிற அதே வீடுதான். என் அப்பா, அதாவது உங்கள் அப்பப்பா, ஒரு வேலைத்தலத்தில் கார் திருத்திக்கொண்டிருந்தார். அவரிடம் அவரைவிட இரண்டு வயது மூத்த பச்சைக் கார் ஒன்று இருந்தது. நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி எச்சத்தோடு கிடந்ததைக் கட்டி இழுத்துவந்து, மூன்று வருடம் மினக்கெட்டு ஓட வைத்திருந்தார். அதை வெளியே எடுத்தால் போதும், வெள்ளைக்காரக் கிழவர்கள் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். கோப்பிக் கடை வாசலில் நிறுத்தினால் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்ப்பார்கள். எந்த வருடத்துக் கார், எஞ்சின் பழையதுதானா, சீட் மாற்றினதா என்று விசாரிப்பார்கள். அப்பாவின் பெயரை ஒருவரும் விசாரித்ததில்லை.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, புருசனோடும் மூன்று பிள்ளைகளோடும் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டு, பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இருந்தா. மாசி மாதத்துக்குப் பிறகு அவவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோ வீதிகளில் குளிருக்குள் நின்றது. அம்மாவும் அப்பாவும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார்கள். காரில் போனவர்கள் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார்கள். வானொலியில் ஒருவர், தான் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்தியதை அழாத குறையாகச் சொன்னார். இவர்கள் ஏன் வீதியில் நிற்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஆளின் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் விருப்பமில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மன்றில் இருந்தார். அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது.

“ஆயிரம் சனம் நிண்டாலும் உவங்கள் திரும்பிப் பாக்கமாட்டாங்கள், அத்தான். ஒரு பழைய காரைக் கண்டா நிண்டு படமெடுப்பாங்கள். உங்கடை காரைக் கொண்டுபோவம்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத யோசனை. ஆனால் அதில் பொய் இல்லை. அத்தை குடும்பத்தின் படத்தைப் பெருப்பித்துக் கார்க் கதவுகளில் ஒட்டுவது. ஒட்டாவாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பாராளுமன்றத்துக்குக் கிட்ட நிறுத்துவது. காரைப் பார்க்க வருகிறவன் அத்தையின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு பதில் கிடைக்கும்வரை அப்பாவும் மாமாவும் காருக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் இருப்பது.

அப்பாவுக்கு அப்போதே சீனி வருத்தம். காலையும் மாலையும் ஊசி போடுவார். இன்சுலின் போடுகிற மனுசன் பட்டினி கிடக்கலாமோ என்று அம்மா குசினிக்குள் நின்று சண்டை பிடித்தா. சாவுக்குப் பயந்தால் ஒன்றும் செய்யேலாது அக்கா என்று மாமா திருப்பிச் சொன்னார். அப்பா அத்தையின் படத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கியது ஒன்றுதான். அப்பா சாகப் போகிறார், அந்தக் கார்தான் அவரைக் கொண்டுபோகப் போகிறது.

அந்தக் காரில் ஒயில் பிரஷர் காட்டும் கேஜ் ஒன்று இருக்கிறது. எண்ணெய் எஞ்சினுக்குள் போதிய அழுத்தத்தோடு ஓடுகிறதா என்று அதன் ஊசியைப் பார்த்துச் சொல்லலாம். ஊசி விழுந்தால் காரை ஓட்டக்கூடாது. ஓட்டினால் எஞ்சின் தேய்ந்து இறுகிவிடும். ஆனால் அந்த ஊசியை ஆட்டுவது எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னச் சென்சரும் அதன் தலையில் மாட்டின ஒரு வயரும்தான். ஒருமுறை அந்த வயர் கழன்று ஊசி விழுந்தபோது அப்பா சிரித்துக்கொண்டு சொன்னது எனக்கு நினைவிருந்தது. “முதல் கேஜைச் சந்தேகப்படு. எஞ்சினைப் பிறகு பாக்கலாம்.”

சனிக்கிழமை புறப்படுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்ததும் கராஜுக்குள் போனேன். வயரைக் கழற்றி, சென்சரின் தலையில் என் ஹொக்கி மட்டைக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணி ஒட்டுநாடாவை, அந்த ரேப்பைச் சுற்றி, வயரை மேலே அமத்தி மாட்டினேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவசரத்தில் ரேப் உருளையை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

சனி காலை அப்பா காரை ஸ்டார்ட் பண்ணினார். ஊசி கொஞ்சம் எழும்பித் துடித்துவிட்டு விழுந்தது. உடனே நிறுத்திவிட்டார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார், எண்ணெய் சரியாக இருந்தது. விரலில் தொட்டு மணந்தார், பெற்றோல் கலக்கவில்லை. பிறகு வேலைத்தலத்துச் சோதனைக் கேஜை எடுத்துவந்தார். வயரை நம்பாமல் எண்ணெயின் அழுத்தத்தை நேரே எஞ்சினிலிருந்து காட்டுகிற கேஜ் அது. எஞ்சின் மூடியான பொனற்றுக்குக் கீழே குனிந்தவர் நிமிர்ந்து, என்னை ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது கேஜ் பூட்டியாகிவிட்டது. மாமா ஒரு கையில் பையும் மற்றக் கையில் அத்தை படத்தின் சுருளுமாக வந்து நின்றார். அப்பா எஞ்சினை ஓடவிட்டு, கேஜின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மாமா எட்டிப் பார்க்க முன்னர் எஞ்சினை நிறுத்தினார்.

“பிரஷர் இல்லை. எஞ்சின் கழட்டவேணும்.”

எனக்கு முதலில் சந்தோசம். பிறகு பயம். நான் சுற்றின துண்டு ரேப் எப்படி எஞ்சினைப் பழுதாக்கியது என்று விளங்கவில்லை.

பஸ்ஸில் வாருங்கள் என்று மாமா கேட்டார். இதைத் திருத்திவிட்டுத்தான் வருவேன் என்றார் அப்பா. காரா தங்கச்சியா என்று மாமா கேட்டார். அப்பா எண்ணெயை இறக்கத் தொடங்கிவிட்டார். மாமா படச்சுருளால் பொனற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

“காருக்குப் பிரஷர் இல்லையோ, அத்தான், உங்களுக்கு இல்லையோ?”

ஸ்பானர் பறந்தது அப்போதுதான். மாமாவின் தலைக்கு ஓரடி தள்ளிச் சுவரில் பட்டது. மாமா தன் பையை எடுத்தார். கராஜ் வாசலில் நின்று திரும்பினார்.

“உங்கடை தங்கச்சி பங்கருக்குள்ளை கிடக்கிறா. நீங்கள் காருக்குக் கீழை கிடவுங்கோ.”

அப்பா கிடந்தார். எஞ்சினைத் தூக்கி எண்ணெய்த் தட்டைக் கழற்றினார், பம்பைக் கழற்றினார், பெயரிங்குகளைக் கழற்றிப் பேப்பரில் வரிசையாக வைத்தார். வேலையால் வந்ததும் காருக்குக் கீழே போய்விடுவார். சாமான்களோடு கோபத்தில் பேசுவது எங்களுக்குக் கேட்கும். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைக் கராஜ் கதவடியில் வைத்துவிட்டுப் போவா. ஒருநாள் நான் களவாக ரேப்பை எடுக்கப் போனேன். அது அங்கே இல்லை. எண்ணெயில் நனைந்து விழுந்துவிட்டது என்று நினைத்துத் தப்பினேன் என்றிருந்தேன். ரேப் உருளை என் ஹொக்கிப் பைக்குள்ளேயே இருந்தது. அம்மா எடுத்து வைத்திருப்பா என்று நினைத்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன நாளிலும் அப்பா காருக்குக் கீழேதான் இருந்தார். அம்மா ஓடிப்போய்ச் சொன்னா. அவருடைய சப்பாத்து இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையவில்லை. சாப்பாட்டு நேரம் வந்து போனது. அவர் வெளியே வரவில்லை.

அத்தையைப் பற்றியோ மச்சான் மச்சாள் என்று நான் கூப்பிட்டிருக்கக்கூடிய அந்தப் பிள்ளைகளைப் பற்றியோ பிறகு எந்தச் செய்தியும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. மாமா ஒட்டாவாவிலிருந்து வந்து சாமான்களைக் கட்டிக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குப் போனார். கொண்டாட்ட வீடுகளில் அந்தக் கார்க் கதையை மாமா சொல்ல, கேட்டவர்களெல்லாம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அவர்கள் சிரித்தது போதாதென்று நானும் சேர்ந்தேன். பதினேழு வயதில் ஏதோ உதவாத விசயத்துக்கு அப்பாவோடு சண்டை. தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததும் மாமாவின் சொல்லை எடுத்து எறிந்தேன். அத்தை பங்கருக்குள்ளை கிடக்கேக்கை நீங்கள் காருக்குக் கீழை கிடந்தனீங்கள் என்றேன். அப்பா கைகழுவிக்கொண்டிருந்தார். “ஓம்” என்றார். தண்ணீரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

நானும் பிறகு அதே வேலைக்குத்தான் போனேன். போன வருடம் ஒருவர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒயில் பிரஷர் ஊசி விழுந்து கிடந்தது. முதலில் கேஜைச் சந்தேகப்பட்டேன். சோதனைக் கேஜை எடுத்தேன். அதைப் பூட்டுவதற்கு வேறு இடம் கிடையாது பிள்ளைகளே, சென்சர் இருக்கிற அதே ஓட்டையில்தான் பூட்டவேண்டும். சென்சரைக் கழற்றவேண்டுமென்றால் முதலில் அதன் தலையிலிருந்து வயரைக் கழற்றவேண்டும். நான் வயரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அன்று அப்பாவும் இந்த வயரைத்தான் கழற்றியிருப்பார், ரேப்பைக் காணாமல் இருந்திருக்கேலாது.

அந்த வீட்டில் வெள்ளை ரேப் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அம்மா அந்தக் கராஜுக்குள் எதையும் எடுத்து வைக்கிறவ இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். அவர்மேல்தான். கன்னத்தில் ஒன்று தந்திருக்கலாம். மாமாவுக்கு முன்னால் என்னை இழுத்து நிறுத்தியிருக்கலாம். ரேப்பை உரித்துவிட்டு ஒட்டாவாவுக்குப் போயிருக்கலாம், அவர் போகத்தான் ஆசைப்பட்டார். ஒன்றும் செய்யாமல், பழுதில்லாத எஞ்சினைக் கடைசி ஆணிவரை கழற்றினார். பிறகு வந்த கோபம் யார்மேல் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சனி காலை தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது, அப்பா கிளாசை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையைப் பொத்தி வைத்திருந்தார். தண்ணீர் குளிராக இல்லையாக்கும் என்று நினைத்து, “ஐஸ் போடவோ, அப்பா?” என்று கேட்டேன்.