தூளிக்குக் கம்பி கட்டியது யார்?

பூட்டிய வீட்டுக்குள் வந்து என் மகளின் தூளிக்குக் கம்பி கட்டிவிட்டுப் போனது யார்? எட்டு மாதமாக யோசிக்கிறேன், பதில் இல்லை. இப்படிக் கதை சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது இதுதான்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்களுக்கு மாடி வீடு. என் கணவர் ஆல்பர்ட் பாய்மரப் படகுகளைப் பராமரிப்பவர். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை 'ஷேக்கிள்' என்ற இரும்பு வளையத்தில் மாட்டுவார்கள். அதன் திருகாணி ஆட்டத்தில் கழன்றுவிடாமலிருக்க, ஆணித் தலையின் ஓட்டையில் மெல்லிய கம்பியைக் கோத்து, கட்டிங் பிளேயரால் முறுக்கி, பாயைக் கிழிக்காதபடி முனையை உள்ளே மடக்கிவிடுவார்கள். அப்படியொரு ஷேக்கிளில்தான் தூளியையும் தொங்கவிட்டார், கம்பி மட்டும் போடவில்லை.

"ஆடி ஆடிக் கழண்டுக்காதாங்க?"

"படகையே தாங்குது, உன் பொண்ண தாங்காதா? சாங்காலம் கம்பி எடுத்தாறேன், பேஜாரு பண்ணாத."

பிளேயரோடு வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன், ஆணி பாதி வெளியே வந்திருந்தது. பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கினேன். அன்று தடுப்பூசி வேறு, அப்படியே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மதியம் திரும்பினால், ஆணி முழுதாகத் திருகி, கம்பி முறுக்கி, முனை உள்ளே மடங்கியிருந்தது. அவர்தான் வந்திருப்பார் என்று கீழ்வீட்டு மேரி அக்காவைக் கேட்டேன்.

"உன் ஊட்டுக்காரரா? காத்தாலேந்து படியிலதான் குந்திகினு நெத்திலி ஆயறேன், ஒரு ஈ காக்கா மேல போவல."

மாலையில் அவர் ஸ்டூலில் ஏறிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"நாங்க எல்லாம் வலப்பக்கம் முறுக்குவோம். இது இடப்பக்கம். ஆரு வந்தா வூட்டுக்கு?"

அந்தக் கேள்வி இன்னும் எங்களுக்கு நடுவில் இருக்கிறது. அவரே கட்டிவிட்டு மறைக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன், யாரையோ வீட்டுக்குள் விட்டேன் என்று அவர். பூட்டை மாற்றினார்.

போன வாரம் மகள் ஜன்னலைப் பிடித்து நிற்கப் பழகினாள். அதன் கொக்கி எப்போதுமே லொடலொடப்பு. நேற்று அவளையும் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டிக் கடைக்குப் போய் வந்து பார்த்தால், கொக்கியில் கம்பி. இடப்பக்க முறுக்கு. முனை உள்ளே மடக்கி, குழந்தையின் விரலில் குத்தாதபடி.

அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் அதே கேள்விதான் வரும். அதற்குள் வெட்டி எறிந்துவிடலாம் என்று, இரவு அவர் தூங்கியதும் அவருடைய பிளேயரை எடுத்தேன், கை வரவில்லை. வெட்டட்டுமா, விடட்டுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.