தொண்ணூற்று நான்கு கோடுகள்

சீசா என்ற நகர்ப் பகுதியில், நாங்கள் சின்யோரா என்று அழைக்கும் இத்தாலிய அம்மாவின் வீடு நான்காம் மாடியில். எழுபத்தாறு படிகள். நானும் மனைவியும் ஒன்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறோம். அவள் சமைத்துத் துடைப்பாள்; நான் கடைக்குப் போவேன், கடிதங்களை வாசித்துக் காட்டுவேன்.

சின்யோரா முன்பு ஒவ்வொரு கோடையும் வடகடல் தீவுகளுக்குப் போய்ப் பாறைகளில் கூடும் பறவைகளை எண்ணியவர். இப்போது கண் மங்கிவிட்டது. இந்த ஆண்டு தீவிலிருந்து ஒரு பாறையின் படம் வந்தது. அதை என்னிடம் தந்தார்.

“விரல்களில் எண்ணுங்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கோடு. கூட்டுத்தொகை போடக் கூடாது” என்றார்.

தொகை தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம். சென்ற ஆண்டுத் தொகையையும் சொல்லவில்லை.

படத்தில் பறவைகள் கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இடக்கையில் பூதக்கண்ணாடி; வலக்கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கியது. மூன்று நாளில் தொண்ணூற்று நான்கு கோடுகள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். அதே தொண்ணூற்று நான்கு.

சின்யோரா தாளை வாங்கிக் கணக்குப் பார்த்தார்.

“தொள்ளாயிரத்து நாற்பது. போன வருடம் நானே எண்ணினேன். ஆயிரத்து நூற்றுக்கு மேல் இருந்தன. பாறை காலியாகிறது. நாளைக்குத் தீவுக்காரர்களுக்கு எழுத வேண்டும்.”

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கண்ணில் பிழையா, கண்ணாடியிலா? சமையலறையில் படத்தை விரித்து மூன்றாம் முறை தொடங்கினேன்.

“இஞ்சருங்கோ, உந்தக் குருவியளை இன்னும் எத்தினை தரம் எண்ணப் போறியள்? அங்கை மனிசி பட்டினி கிடக்குது” என்றாள் மனைவி.

“ரெண்டு தரமும் ஒரே கணக்குத்தான் வருது. மிச்சம் எங்கை போனதெண்டு தெரியேல்லை.”

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு விரலுக்கு மூண்டு கணு. ஒரு சுத்துக்கு எத்தினை?”

“பன்னிரண்டு.”

“சின்யோரா விரலை மடிச்செல்லோ எண்ணுறவ. பத்தாலை பெருக்கியிருப்பா. பெரிய கணக்குப் புலி!”

ஓடிப்போய்ச் சின்யோராவிடம் கையை நீட்டினேன். அவர் என் கணுக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“இப்போது சத்தமாக எண்ணுங்கள். நான் கோடு போடுகிறேன். பத்துக்கு ஒன்று.”

மாலைவரை எண்ணினேன். ஆயிரத்து நூற்று இருபத்தாறு. பழைய கோடுகளைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு.

“இரண்டு குறைகிறது” என்றேன்.

“இரண்டுதானே? பாறை காலியாகவில்லை” என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் சூப் கேட்டார்.

“எதை எழுதுவது?” என்று கேட்டேன்.

“இரண்டையும் எழுதுங்கள்.”

கணினியில் இரண்டையும் தட்டினேன். அனுப்ப மட்டும் கை வரவில்லை. முதல் இரு தடவையும் கடைசிக் கோடு போட்டபோது பெருவிரல் பன்னிரண்டாம் கணுவில் நின்றதா, பத்தாவதிலேயே பறவைகள் முடிந்து, இல்லாத இரண்டுக்கும் சேர்த்துக் கோடு போட்டேனா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

“அனுப்பியாயிற்றா?” என்று சின்யோரா சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டார்.