கும்பாரோ கை வைத்த டாக்ஸி

பாந்தெலிஸின் டாக்ஸியில் சத்தம் வந்தது ரிப்பேருக்கு முன்னால் அல்ல, ரிப்பேருக்குப் பிறகு. அதற்கு முன் அது வாயே திறக்காத வண்டி. தண்ணீர் பம்ப் லேசாகக் கசிகிறதே என்று கும்பாரோ கோஸ்மாஸின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். கோஸ்மாஸ் பம்பை மாற்றினார், கையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றினார், பானெட்டைத் துடைத்து ஆசீர்வாதமும் செய்து அனுப்பினார். பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் எஞ்சின் ‘டக், டக், டக்’ என்று பேச ஆரம்பித்துவிட்டது.

வோலோஸ் ஊரில் மெக்கானிக்குக்கா பஞ்சம், வேறு ஒருவரிடம் காட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். கோஸ்மாஸ் வெறும் மெக்கானிக்காக இருந்தால் பாந்தெலிஸ் அன்றைக்கே அவர் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் அவர் கும்பாரோ, சடங்கால் வந்த சொந்தம். பாந்தெலிஸ், ரினியோ கல்யாணத்தில் இரண்டு தலையிலும் மணமுடி மாற்றி வைத்தவர். மகள் அந்தூலாவை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்திப் பெயர் வைத்தவர். வருகிற செப்டம்பரில் அந்தூலாவுக்குக் கல்யாணம், அங்கேயும் முடி மாற்றப்போவது அவர்தான். இப்பேர்ப்பட்ட மனிதரை விட்டுவிட்டு இன்னொருவன் பட்டறையில் வண்டியை நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கோஸ்மாஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தூலா அப்பனை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

சரி, சத்தம் பாட்டுக்குச் சத்தம் என்று விட்டுவிடலாமென்றால் எஞ்சின் போகும். எஞ்சின் போனால் கோடைச் சவாரி போகும். சவாரி போனால் கல்யாணச் சாப்பாடு போகும். பாந்தெலிஸ் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்.

கோஸ்மாஸுக்கு ஊரில் ஞானப்பிள்ளைகள் மொத்தம் பதினொன்று. என்ன பக்தி, என்ன பக்தி என்று பாதிரியார் மெய்சிலிர்ப்பார். பாதிரியாரிடம் கார் கிடையாது. கார் வைத்திருக்கிற அப்பனைக் கண்டால்தான் கோஸ்மாஸுக்குப் பக்தி பொங்கும். ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தால் ஒரு வண்டி ஆயுசுக்கும் பட்டறைக்கு வந்துவிடும், எத்தனை தரம் கெட்டாலும் திரும்பத் திரும்ப வரும். டிராக்டரும் காரும் வைத்திருந்த ஒருவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வேலையாகப் பாந்தெலிஸ் அவரிடம்தான் போனார்.

“கும்பாரே, எஞ்சின்ல ஏதோ டக்கு டக்குங்குது.”

கோஸ்மாஸ் பானெட்டுக்குள் தலையை விட்டார். கண்ணை மூடினார். வெகுநேரம் கேட்டார்.

“புதுச் சாமான் போட்டிருக்குல்ல? ஒண்ணோட ஒண்ணு பழக வேண்டாமா? நீயும் ரினியோவும் பழக எவ்வளவு காலமாச்சு?”

“இன்னும் பழகல.”

“அப்புறம் இதுக்கு மட்டும் என்னய்யா அவசரம்?”

துறைமுக டாக்ஸி ஸ்டாண்டில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. மிச்சோஸ் தன் வண்டியை விட்டு இறங்காமலே “டாப்பெட்” என்று தீர்ப்புச் சொன்னான். இன்னொருவன் சைலன்சர் தகடு என்றான். மூன்றாமவன் ஆயிலைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, கையைப் பாந்தெலிஸின் இருக்கையிலேயே துடைத்தான்.

“இதுக்கு ஏன் மண்டையை உடைச்சிக்கிற? உன் கும்பாரோகிட்டயே காட்டேன்!” என்றான் மிச்சோஸ். ஸ்டாண்டே சிரித்தது.

ரினியோவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். “கண்ணு பட்டிருக்கு. அந்த மிச்சோஸ் கண்ணு நல்ல கண்ணே இல்ல.” கண்ணாடியில் நீல மணியைக் கட்டி, எஞ்சினைப் பார்த்து ‘தூ, தூ, தூ’ என்று மூன்று தரம் துப்பினாள்.

“அதுல தண்ணி கசியுதுன்னுதான் ரிப்பேருக்கே விட்டேன். நீ வேற ஊத்தாதே.”

பாந்தெலிஸும் சும்மா இருக்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சத்தத்துக்கு அவர் கண்ட வைத்தியம் அது. ஒருநாள் ஒரு ஜெர்மன் தம்பதியை ஏற்றிக்கொண்டு போர்த்தாரியா மலைக்குப் போனார். ஏற்றத்தில் ‘டக் டக்’ போய் ‘கடகட’ ஆனது. இது என்ன என்று அந்தம்மா கேட்க, எங்கள் ஊர் நாட்டுப்பாட்டு என்றார். அந்தம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கியது பாருங்கள், பாந்தெலிஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்திலேயே பள்ளம்.

மறுநாள் காலை, உறவுக்காரர் ஆண்டுத் திதி என்று பொய் சொல்லிவிட்டு லாரிசாவுக்கு வண்டியை விட்டார். ஒரு மணி நேரத் தூரம். அங்கே அவரைத் தெரிந்த நாய்கூடக் கிடையாது. ஊர் எல்லையில், பருத்திக் காட்டை ஒட்டி, வாயோஸ் என்ற மெக்கானிக்கின் பட்டறை.

உள்ளே ஒரு காரை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். முன் கண்ணாடியில், ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களின் சட்டையில் குத்திவிடும் சின்னச் சிலுவைகள் கொத்தாகத் தொங்கின. பாந்தெலிஸ் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. அதில் ஒன்று அந்தூலாவின் ஞானஸ்நானத்துக்குப் பாந்தெலிஸே போய் வாங்கி வந்தது, அவருக்கா தெரியாது.

“இது யார் வண்டி, தம்பி?”

“வோலோஸ்ல ரொட்டிக் கடை வச்சிருக்காராம். தங்கமான மனுஷன். எது ஒண்ணுன்னாலும் நம்மகிட்டதான் வருவார். நகமெல்லாம் கரி. அடுப்புக் கரியாம், பாவம்.”

அப்போது இரண்டு கையிலும் ஐஸ் காபியோடு ரொட்டிக்கடைக்காரர் உள்ளே வந்தார். கோஸ்மாஸ் பாந்தெலிஸைப் பார்த்தார். பாந்தெலிஸ் கோஸ்மாஸைப் பார்த்தார். கோஸ்மாஸின் முகம் மைதா மாவாகிவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவர் ரொட்டிக்கடைக்காரர் போலவேதான் இருந்தார்.

வாயோஸ் இதையெல்லாம் கவனிக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அங்குமிங்கும் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டான். மூன்றாவது இடத்தில் அவன் முகம் மாறியது. சட்டென்று எஞ்சினை நிறுத்தினான்.

“பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளையோட போல்ட்டை முழுசா முறுக்கவே இல்ல. இன்னும் ஒரு மலை ஏறியிருந்தா பெல்ட் நழுவி எஞ்சின் தூள். எந்தப் படுபாவி பண்ணின வேலை இது?”

கோஸ்மாஸ் பிடித்திருந்த காபித் தம்ளர்களில் ஐஸ் கலகலவென்று ஆடியது.

“நான்தான்,” என்றார் பாந்தெலிஸ். “நானே மாட்டினேன்.”

“உங்களுக்கு எதுக்கு அண்ணே இந்த வேலை?”

கோஸ்மாஸுக்கு மெல்ல மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியதும் வாயும் திரும்பியது.

“இந்தக் காலத்துல எல்லாருமே மெக்கானிக் ஆயிடறாங்க தம்பி. தெரியாத வேலையில கை வைக்கலாமா?”

அந்தக் காபியைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஊற்றலாமா என்று இருந்தது பாந்தெலிஸுக்கு.

கோஸ்மாஸின் காருக்குச் சாமான் மறுநாள்தான் வரும். திரும்பும்போது டாக்ஸியில்தான் ஏற வேண்டியிருந்தது. வாயோஸ் போல்ட்டை முறுக்கிவிட்டதில் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது.

“ரொட்டி வியாபாரம் எப்படிப் போகுது?” என்றார் பாந்தெலிஸ்.

கோஸ்மாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாதி வழியில் இந்தப் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் கேட்டுச்சு, பாந்தெலி. அன்னிக்கு நீ வாசலைத் தாண்டும்போதே கேட்டுச்சு. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கு என்ன கேடு? மலையில ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போயிட்டிருந்தேன்யா! உருண்டிருந்தா?”

“முதல் தடவை சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தனை அப்பன்மாரு இருக்கீங்க, ஒருத்தனுக்காவது வாய் இருக்கா?” கரி படிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டார். “என் வண்டியை நானே தொட்டதில்ல, பாந்தெலி. பயம்.”

பாந்தெலிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. முப்பது வருஷமாக ஒரு மனிதன் தினமும் பயந்துகொண்டே கடையைத் திறப்பதென்றால் சும்மாவா?

“பட்டறை போர்டைக் கழட்டிடு, கும்பாரே. போதும்.”

“கழட்டிடறேன். சத்தியமா. அந்தூலா கல்யாணம் நல்லபடியா முடியட்டும்.”

வோலோஸில் பட்டறை வாசலில் ஸ்த்ராதோஸ் காத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாத்தியார், புதிதாகக் குடிவந்தவன். ஞாயிற்றுக்கிழமை அவன் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம், பெயர் வைக்கப்போவது கோஸ்மாஸ். அவன் பின்னால் ஒரு சின்னக் கார் நின்றது.

“பிரேக் கொஞ்சம் கிறீச்சிடுது, கோஸ்மாஸ். சொந்தக்காரங்க ஆகப்போறோம், வெளியில எதுக்குக் கொடுக்கணும்னு கொண்டாந்தேன்.” பிறகு பாந்தெலிஸின் பக்கம் குனிந்தான். “நீங்களும் இவர்கிட்டதானே பார்க்கிறீங்க? எப்படி, வேலை?”

கோஸ்மாஸ் பாந்தெலிஸைப் பார்த்தார். முடியாது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்திருக்கலாம். வரவில்லை. பாந்தெலிஸின் கண்ணுக்கு முன்னால் அந்தூலா மணமுடியோடு நின்றாள்.

“நீயே கேட்டுப் பாரேன்,” என்றார் பாந்தெலிஸ். “ஒரு சத்தம் வருதா?”

ஸ்த்ராதோஸ் டாக்ஸியின் ஓடுகிற எஞ்சினிடம் காதைக் கொண்டுபோனான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“அடேங்கப்பா! இப்படியும் ஒரு கையா!”

காரின் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அலுங்காமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சாவியைக் கோஸ்மாஸின் கையில் கொடுத்தான்.