ஏழாவது கிரீனைக் கொன்ன கதம் சாஹேப்

கதம் சாஹேப் போயிட்டார்... காலையில பூனா கேம்ப் ஏரியாவுல ஆட்டோவுக்கு நிக்கும்போது போன் வந்துச்சு.

எங்க கோல்ஃப் கிளப்புல புல்லுக்கு சூப்பர்வைசரா இருந்தவர். நான் அவருக்குக் கீழ ஹெட் மாலி, அதாவது தலைமைத் தோட்டக்காரன். பேருக்குத்தான் கீழ... புல்லு சத்தத்தைக் கேட்டே தண்ணி வேணுமா வேணாமான்னு சொல்ற ஆள் பூனாவுலயே நான் ஒருத்தன்தான்.

ஏழாவது கிரீன், அதாவது பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற வட்டம், என் கையால வளர்ந்தது. ஒரு வெள்ளைக்கார பிளேயர் ஷூவைக் கழட்டிட்டுத்தான் கால் வச்சார். அப்புறம் அங்கேயே படுத்துத் தூங்கிட்டார்.

கதம் சாஹேப்புக்கு அதுவும் பத்தலை. இன்னும் உரம் போடு, இன்னும் அடர்த்தியா வரட்டும்னார்.

அப்படி வளர்ந்தா அடியில செத்த தண்டும் வேரும் சேர்ந்து மெத்தை மாதிரி ஆயிடும்... தாட்ச்னு பேரு. மேல பச்சையா இருக்கும், கீழ தண்ணி இறங்காது. மழைக்கு முன்னாடியே ஓட்டை போட்டு மணல் ரொப்பணும்.

சொன்னேன். "அரே முருகேசன், டூர்னமெண்ட் வருது. கம்பளத்துல எவனாவது ஓட்டை போடுவானா?"ன்னார்.

"கம்பளம் இல்ல சாஹேப், ஸ்பாஞ்சு. கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க."

அமுக்கலை. குனிஞ்சா பேண்ட் அழுக்காயிடுமாம்.

மழை வந்துச்சு. கிரீன் அழுகிச்சு. செக்ரட்டரி முன்னாடி என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டே சொன்னார்... "இந்த மதராசி தண்ணிய ஊத்தி ஊத்தியே கெடுத்துட்டான் சார்."

ஹெட் மாலி பதவி போச்சு. தினம் காலையில கிரீன்ல பழைய குழியை மூடிட்டு வேற இடத்துல புதுக் குழி வெட்டுற வேலை மட்டும் மிச்சம்.

அங்கதான் சாஹேப் கோட்டை விட்டார். குழியை எங்க வெட்டுறதுங்கறது வெட்டுறவன் இஷ்டம். திங்கக்கிழமை ஸ்டாஃப் ஆடுற நாள். அவர் வந்தா குழி சரிவோட உச்சியில இருக்கும். பந்து ஏறும், கொஞ்சம் யோசிக்கும், அவர் காலடிக்கே திரும்பி வந்துடும்.

"இன்னைக்கும் இங்கதானா?"ம்பார்.

"அந்தப் பக்கம் புல்லுக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன் சாஹேப்"ம்பேன்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு, செக்ரட்டரிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னார். சொல்லலை. போன் பண்ணிக் கேட்டா அடுத்த வாரம்பார்... அந்த வாரம் வரவேயில்லை.

நாளைக்கு கிளப்புல இரங்கல் கூட்டம். மைக் எனக்கும் உண்டு, நானே கேட்டு வாங்கியிருக்கேன். "செத்தவர் பதில் சொல்ல முடியாதுங்க, விட்டுடுங்க"ங்கறா வீட்டுக்காரி.

அன்னைக்கு என்னை மட்டும் பதில் சொல்ல விட்டாரா?

போயிட்டு வாங்க கதம் சாஹேப். என் மேல போட்ட பழியையும் கையோட எடுத்துட்டுப் போங்க.