கரையில் நடந்த ஒரு கடல் மைல்

எங்கள் வீட்டிலிருந்து பாலாவிச் சந்தி எவ்வளவு தூரம் என்று அறிய ஆசைப்பட்டு, கணவர் கடலுக்குக் கொண்டுபோகும் ஜிபிஎஸ் கருவியை ஒருநாள் பஸ்ஸில் எடுத்துப் போனேன். அது மைலில் காட்டியது. எனக்குக் கிலோமீட்டர்தான் விளங்கும். பொத்தான்களை அழுத்தி மாற்றினேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன்.

மறுநாள் விடியக் கடலுக்குப் போனவர் பத்து மணிக்கே வெறும் வலையோடு வந்து நின்றார்.

"மெசின் பழுதாப்போச்சு. பன்னிரெண்டு மைல்ல இருக்கிற இடத்த இருபத்திரெண்டு எண்டு காட்டுது. நம்பிப் போகேலாது."

"அது நான் செய்த வேலை. கிலோமீட்டருக்கு மாத்திப்போட்டன்," என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார். ஒருநாள் உழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கணக்கு உறுத்தியது. ரோட்டில் ஒரு மைலை நாங்கள் ஒரு கட்டை என்போம். பன்னிரண்டு கட்டைக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்தான் வரும். மிச்சம் மூன்று எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன்.

"கடல் மைல் கொஞ்சம் நீளம்," என்றார்.

"ஏன்?"

"ஆருக்குத் தெரியும்? அப்பிடித்தான்."

கப்பலில் வேலை செய்யும் என் தம்பியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். பின்னேரம் குரல் பதிவு வந்தது.

"அக்கா, பூமிய வடக்குத் தெற்காச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. அத முந்நூத்தறுபது பாகையாப் பிரிச்சு, ஒரு பாகைய அறுபதாப் பிரிச்சா வாற துண்டுதான் கடல் மைல். பிளேனுக்கும் அதுதான் கணக்கு."

அதை மூன்று தரம் கேட்டேன். எங்கள் கரை ஏறக்குறைய நேர் வடக்காகத்தானே ஓடுகிறது? அப்படியென்றால் அந்தத் துண்டை நடந்தே பார்க்கலாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கணவரையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். வடக்குப் பாகையைக் காட்டும் வரியில் கடைசி எண்கள் சைபராக இருந்த இடத்தில் தொடங்கினோம். அவர் கருவியைப் பார்த்தபடி வர, நான் காலடிகளை எண்ணினேன். இரண்டாயிரத்து அறுநூற்றைத் தாண்டியபோது, "மாறிட்டு!" என்று கத்தினார். கடைசி எண்கள் மறுபடி சைபராகி, பாகையில் அறுபதில் ஒரு பங்கு கூடியிருந்தது.

குதிகாலால் மணலில் கோடு கிழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு காலமும் கடல்ல இந்தத் துண்டுகளையா எண்ணிக்கொண்டு ஓடினனான்?"

பிறகு, "கிழக்க நடந்தாலும் இதே தூரந்தானா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குக் கேள்வியை அனுப்பினேன். பதில் வரும்வரை சும்மா நிற்க அவருக்கு மனமில்லை.

"இன்னொண்டு நடப்பம், வாரும்," என்று வடக்கே நடக்கத் தொடங்கினார்.