அன்னாசிச் சாறு

முந்தாநாள் அடுப்படியில் மறந்து வைத்த அன்னாசிச் சாறு பாட்டிலைத் திறந்தேன். புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எனக்கோ சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன.

இரண்டாயிரத்துக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாவரவியல் பட்டத்தோடு வந்து, ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் ஆறு பெண்கள். எனக்குப் பக்கத்துப் பாய் செல்வி. லைனிலும் பக்கத்து இடம் அவளுக்குத்தான். தூக்கத்தில்கூட ஒயர் கலர் சொல்லுவாள்.

சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். "இன்னாம்மா பாட்டனி, இலை எப்டி சோறாக்குது, சொல்லு" என்பார் எல்லார் முன்னாலும். இலை வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்வதை நானும் அசடாட்டம் விளக்கத் தொடங்குவேன். பாதியிலேயே லைன் முழுக்கச் சிரிக்கும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். சாப்பாட்டு அலமாரியில் எங்கள் பைகளைத் துழாவி, பிடித்ததை எடுத்துக்கொள்வதும் அவர் வழக்கம். கேட்க யாருக்கு வாய் இருந்தது?

ஒருநாள் பெட்டி பெட்டியாக ஒயர்கள் திரும்பி வந்தன. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. அப்படி மாற்றச் சொன்னதே அவர்தான். என் காதால் கேட்டேன். மேனேஜரிடம், "இந்தப் பொண்ணுதான் சார், தூங்கிகினு மாத்திட்டா" என்று செல்வியைக் கைகாட்டினார். அன்றே அவளுக்கு வேலை போயிற்று.

பையில் துணிகளை அடுக்கும்போது, "நீயாவது சொல்லிருக்கலாம்லாட்டி" என்றாள்.

சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

படப்பை பேக்கரியில் கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கினேன். அன்னாசிச் சாறு, கை நிறையச் சர்க்கரை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். இலைகள் வெயிலில் சேர்த்த சர்க்கரையை ஈஸ்ட் காற்றில்லாமலே உடைத்துத் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சாராயமாகவும் வாயுவாகவும் விட்டுவிடும். கல்லூரியில் படித்ததில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். இரண்டு நாள் மூடியைத் தளர்த்தி வைத்தேன். மூன்றாம் நாள் காலை இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு, இறுக மூடி, அலமாரியில் என் பைக்கு மேலேயே வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், கல்லாட்டம் இருந்தது. ஒரு மணிக்குப் பாட்டிலைக் காணோம்.

சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள் 'டப்' என்றது. அவர் முகம், வெள்ளைச் சட்டை, மேஜை எல்லாம் நுரை. கள்ளுக்கடை வாடை. மேனேஜர் வந்துவிட்டார்.

"டியூட்டில குடிக்கிறீங்களா?"

"இல்ல சார், ஜூஸு சார்..."

"யாரோட ஜூஸ்?"

குடித்தேன் என்று சொல்ல வேண்டும், இல்லை திருடினேன் என்று சொல்ல வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வைத்த கண் வாங்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வி ஊர்க் கடைக்குப் போன் போட்டேன். "ஏட்டி, நெசமாவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெதுவாக, "ஆனா எனக்கு வேல திரும்ப வராதுல்லா" என்றாள்.

அந்த பூத் இப்போது இல்லை. கடை நம்பரும் தொலைந்துபோனது. செல்வி எங்கே இருக்கிறாளோ. கம்பெனி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சூப்பர்வைசரும் இறந்துவிட்டாராம், போன வருஷம் லைன் தோழி ஒருத்தி சொன்னாள். 'பாவம்' என்று சொல்ல வாயெடுத்தேன்.

வரவில்லை.