சாமி மேடையில் ஒரு வாள்வீரன்

மேரு சாலையில் காலை நெரிசல் பிடித்துக்கொண்டால் மற்ற தொழிற்சாலை பஸ் டிரைவர்கள் பாட்டுப் போடுவார்கள். கமலநாதன் கார்வக்கைக் கிணற்றில் போடுவார்.

கார்வக் ஒரு வாள்வீரன். தோளில் புலித்தோல், இடுப்பில் வாள், முகத்தில் எப்போதும் யாரோ சொல்லாமல் சோற்றை எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி ஒரு கோபம். கமலநாதன் சின்னப் பையனாக இருந்தபோது பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடை ஒன்றில் அவனைச் சந்தித்தார். முடிவெட்ட வருகிறவர்கள் காத்திருக்கும்போது புரட்ட, அந்தக் கடையில் ஆங்கிலக் காமிக்ஸ் கட்டு ஒன்று கிடந்தது. கமலநாதனும் அவர் கூட்டாளி இல்யாஸும் முறை வந்தால்கூட எழுந்திருக்க மாட்டார்கள். "நீங்க உக்காருங்க அங்கிள், எங்களுக்கு அவசரம் இல்ல" என்று பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் அனுப்புவார்கள்.

அப்படிப் படித்த பதினேழாம் இதழில்தான் அந்த அநியாயம் நடந்தது. மந்திரவாதி ஒருவன் கார்வக்கின் கைகளைக் கட்டிப் பாம்புக் கிணற்றில் தள்ளிவிட்டான். வாள் மேலேயே கிடக்கிறது. கீழே பாம்புகள் தலை தூக்குகின்றன. மீதி அடுத்த இதழில்.

அடுத்த இதழ் அந்தக் கடைக்கு வரவே இல்லை. வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே இரண்டு பேரும் அந்த வருஷம் மொட்டைக்கு முந்திய எல்லா வெட்டும் வெட்டிக்கொண்டார்கள்.

இப்போது கமலநாதனுக்கு வெட்ட அவ்வளவு முடி இல்லை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அதிலிருந்து கார்வக்கை வெளியே எடுக்க அவர் கண்டுபிடித்த வழிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம் கலைவார்கள். ஒரு வாரம் கார்வக் பல்லால் கயிற்றை அறுப்பான். இன்னொரு வாரம் பாம்புகளை முடிச்சுப் போட்டு ஏணி செய்வான்.

"பாம்பு சும்மா இருக்குமா அங்கிள்?" என்று முன் இருக்கையிலிருந்து ஷாமினி கேட்பாள். மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிக்கிற வேலை அவளுக்கு. எதிலும் ஓட்டை பார்க்காமல் விடமாட்டாள்.

"கார்வக் மொறைச்சா சும்மா இருக்கும்."

"அந்த புக்குல ரெண்டாம் பக்கத்துல அவனுக்குத் தண்ணி கொடுத்தாளே ஒரு பொண்ணு, குடத்தோட? அவ என்ன ஆனா?"

"அவ வீட்டுக்குப் போயிட்டா."

"வீட்டுக்குப் போயிட்டாளாம்!" பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பும். கமலநாதன் ஹாரன் அடித்து அதை அடக்குவார்.

இல்யாஸ் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார். பழைய காமிக்ஸ் வாங்கி விற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் அவர் போன் செய்தார்.

"நாதா, உக்காந்திருக்கியா?"

"பஸ்ல வேற எப்படி இருப்பாங்க?"

"பதினெட்டு கெடச்சிருச்சு."

கமலநாதன் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

பெட்டாலிங் ஜெயாவில் காலி செய்த ஒரு வீட்டில் கிடைத்த பெட்டிக்குள் இருந்ததாம். இல்யாஸ் அதன் படத்தை இணையத்தில் போட்ட அன்றே சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். நாளை மத்தியானம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறார்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி உன்கிட்ட இருக்கட்டும். ஆனா நாதா, அட்டையில ஒரு புள்ளி விழுந்தாலும் அந்த ஆளு வாங்க மாட்டான். பச்சப்புள்ள மாதிரி வெச்சுக்க லா."

இல்யாஸின் கடைக்குப் போய் வாங்கிக்கொண்ட இதழ் கண்ணாடித்தாள் உறைக்குள், முதுகில் அட்டை கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. கமலநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார். வழியில் ஒரு சிவப்பு விளக்கில் பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை. குளித்து, சட்டை மாற்றி, தேத்தாரே டீ கலந்து வைத்துக்கொண்டு, விரல் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் படிக்கவேண்டும். கிணற்றுக்குள் இத்தனை வருஷம் கிடந்தவன் இன்னும் கால் மணி நேரம் கிடக்கமாட்டானா?

மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது மேசைமேல் தேங்காய் இருந்தது.

"புஷ்பா, இங்க ஒரு புக்கு வெச்சேனே?"

"சாமி மேடையில இருக்குங்க" என்றாள் புஷ்பவல்லி, கடலை தாளித்துக்கொண்டே.

அவர் போய்ப் பார்த்தார். மகளின் பாடப் புத்தகங்கள், மடிக்கணினி, தையல் கத்தரிக்கோல், பஸ்ஸின் மாற்றுச் சாவி. எல்லாவற்றுக்கும் மேலே, உறை இல்லாமல், கார்வக். நெற்றியில் வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அவனுக்குப் பின்னால் கைவிரித்து நின்ற மந்திரவாதிக்கு மூன்று கோடு விபூதி.

கமலநாதன் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"உறைய ஏன் எடுத்த?"

"பிளாஸ்டிக்கோட வெச்சா சாமி எப்படிப் படிக்கும்?" புஷ்பவல்லி எட்டிப் பார்த்தாள். "வாளும் கையுமா நம்ம முனீஸ்வரன் மாதிரியே இருந்தாரு. அதான் மேல வெச்சேன். ஏன், தப்பா?"

"ஐயோ! அந்தத் தாடிக்காரன் யாருன்னு தெரியுமா? சூனியக்காரன்!"

"அப்ப விபூதி வெச்சதும் நல்லதுதான்."

அவர் கை நீட்டினார். கரண்டி நடுவில் வந்தது.

"மேடைக்குப் போன புத்தகத்த நாளைக்குக் காலையில பூஜை முடிச்சுதான் எடுக்கணும். சின்னப் புள்ளைக்கே தெரியும்."

"சாயங்காலம் பஸ் சாவிய எடுப்பேனே?"

"அது மாத்துச் சாவி. ஓடுற சாவி உங்க பையில இருக்கு. படம் பாக்குற புக்குக்கு என்ன அவசரம்?"

கமலநாதன் வாசலுக்குப் போய் இல்யாஸைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"எங்க வெச்சாங்க?" என்றார் இல்யாஸ்.

"நெத்தியில."

"யாரு நெத்தியில?"

"கார்வக் நெத்தியில. மந்திரவாதிக்கு விபூதி."

"யா அல்லா. படம் எடுத்து அனுப்பு."

சாப்பிடும் நேரத்துக்கு இல்யாஸ் திரும்ப அழைத்தார். சிங்கப்பூர்க்காரர் படத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். கமலநாதன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இல்யாஸ், நான்..."

"நீ பேசாத. நான் இப்ப கோவமா இருக்கேன், குறுக்க பேசினா சிரிச்சிருவேன். கேட்டுக்க. தீபாவளி வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் துணி மூட்டையெல்லாம் உன் பஸ்லதான் ஏறும். தூக்கி ஏத்துறதும் நீதான். புக்க நீயே வெச்சுக்க. பொட்டு வெச்ச புள்ளைய நான் யாருக்குக் கட்டிக் கொடுக்குறது?"

"நீ படிச்சிட்டியா? வெளிய வந்துட்டானா?"

"உன்கூடத்தான மொத புக்கு படிச்சேன்? நீ படிச்சிட்டுச் சொல்லு." போன் வைக்கப்பட்டது.

அன்றிரவு விளக்கின் சிறு வெளிச்சத்தில் பொட்டோடு நின்ற கார்வக், சோறு பறிபோனவன் மாதிரி இல்லாமல், சோற்றுக்கு அழைக்கப்பட்டவன் மாதிரி இருந்தான்.

விடியற்காலையில் புஷ்பவல்லி கற்பூரம் காட்டி, மணியடித்து, ஆளுக்கொரு பூ கொடுத்து, இதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "விஜயதசமி. எடுத்த கையோட படிக்கணும்." ஆனால் பஸ் கிளம்பவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கமலநாதன் அதை உறைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

மேரு சாலையில் வழக்கமான இடத்தில் நெரிசல் பிடித்தது. அவர் உறையைப் பிரித்து முதல் பக்கத்தைத் திருப்பினார். முன்னால் நின்ற லோரி ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் ஹாரன். மறுபடி திருப்பினார். மறுபடி ஹாரன்.

"குடுங்க அங்கிள்" என்று ஷாமினி கை நீட்டினாள். "நீங்க ஓட்டுங்க, நான் படிக்கிறேன்."

அவருக்கு மனசே இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

ஷாமினி அட்டையைப் பார்த்தாள். "யாரு பொட்டு வெச்சது?"

"அது பெரிய கதை. உள்ள போ."

அவள் உள்ளே போனாள். ஒரு பக்கம். இரண்டு பக்கம். சத்தமே இல்லை.

"சத்தமா படி லா!" என்றார்கள் பின்னால்.

"பாம்பெல்லாம் வருது. கட்டு அவுரல. மொறைக்கிறான்..."

"பாத்தியா! மொறைக்கிறான்!" என்றார் கமலநாதன்.

"ஒண்ணும் நடக்கல. பாம்பு கிட்ட வருது." பக்கம் திரும்பியது. ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கிள். கயிறு எறங்குது."

"யாரு போடுறா?"

அவள் இதழை விரித்து, பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். கிணற்றுச் சுவரில் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கார்வக்கின் முழுப் பாரத்தையும் கயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவள் காலடியில் குடம் உருண்டு கிடந்தது.

"வீட்டுக்குப் போகல அங்கிள்" என்றாள் ஷாமினி.

பஸ் முழுக்கக் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். லோரி எப்போதோ போய்விட்டிருந்தது. பின்னால் பத்து ஹாரன்கள் ஒன்றாகக் கத்தின. கமலநாதன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டாம் பக்கத்துலயே இருந்தாளே" என்றார்.

"நாளையிலிருந்து கதைய நான் சொல்றேன்" என்று ஷாமினி இதழை உறைக்குள் போட்டாள். "நீங்க ரோட்டப் பாருங்க."

கமலநாதன் ரோட்டைப் பார்த்தார்.